மழையைக் கணக்கிட்டவர்கள் – 17: வலைக்கண்ணியில் நழுவிய மலை

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணையின் கரைமேல் ஏறி நின்றால் கல்வராயன் மலை கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு புரட்டாசி மாலையில் அங்கே நின்றிருந்தேன். கீழே வெயில் இன்னும் தணியவில்லை. மரவள்ளிக் கொல்லைகளில் இலைகூட அசையாத புழுக்கம். மலையின் மேல்மட்டம் மட்டும் மையைக் கொட்டியது போலக் கறுத்துக் கிடந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். "மலயில எறங்கிருச்சு தம்பி. ராத்திரிக்குள்ள ஆத்துல தண்ணி வந்துரும். வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். சொன்னபடியே அன்றிரவு ஓடையில் செந்நீர் வந்தது.

அவர் சொன்னது ஐந்தாறு மணி நேரத்துக்கான வானிலை அறிக்கை. மலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், சொன்னார். இதையே ஐந்து நாளைக்கு முன்னால், மேகமே இல்லாத வானத்தின் கீழ் நின்று சொல்ல வேண்டுமென்றால்? அந்த மேகம் பிறக்கப்போகும் காற்று அப்போது எங்கோ இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும். அதைப் பின்தொடர்ந்து வரக் கண் போதாது, கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஐரோப்பாவுக்கென்று எழுதப்பட்டு, நம் பக்கம் வந்தபோது பொய்த்து, பிறகு நம்முடைய காற்றுக்காகவே திருத்தி எழுதப்பட்ட கதைதான் இந்த அத்தியாயம்.

தொடரை விடாமல் படித்து வருபவர்களுக்கு இரண்டு பேர் நினைவிருப்பார்கள். ஒருவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்து, 1924 வரை சிம்லாவில் இந்திய எழுத்தர்களை வைத்துக்கொண்டு உலகெங்கிலுமிருந்து வந்த அழுத்த, வெப்ப, மழை எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தவர். பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்குகின்றன என்று கண்டார். ஏன் என்பது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைக் கையால் கணக்கிட்டவர். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று அவருடைய விடை சொன்னது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகப் போட்டாரே, அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ரிச்சர்ட்சன் சறுக்கிய இடம் எது? அவருடைய சமன்பாடுகளில் காற்றின் எல்லா அசைவுகளும் இருந்தன. ஊர்ந்து போகும் பெரிய அலையும் இருந்தது, சட்டென்று ஓடி மறையும் சில்லறை அதிர்வும் இருந்தது. தொடக்க எண்களில் இருந்த சிறு பிழைகள் அந்தச் சில்லறை அதிர்வுகளாகப் பெருகி, பெரிய அலையை மூழ்கடித்துவிட்டன. ஆகவே அடுத்து வந்தவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வானிலையைச் சுமந்து செல்லும் அலை எது என்பதுதான்.

அதற்கு 1939இல் விடை சொன்னவர் கார்ல்-குஸ்தாவ் ராஸ்பி. சுவீடன்காரர், அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தார். அவர் பிடித்த நுனி பூமியின் சுழற்சி. வட துருவத்தில் நிற்பவனின் காலடித் தரை பம்பரம் போலச் சுற்றுகிறது. பூமத்திய ரேகையில் நிற்பவனுக்கு அந்தத் தட்டாமாலைச் சுற்று இல்லவே இல்லை. நடுவில் இருக்கும் ஊர்களுக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கிறது. கல்வராயன் மலைப்பக்கத்துக் கள்ளக்குறிச்சி சுமார் 11.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. துருவத்தில் கிடைக்கும் சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் இங்கே. உயரமான கூரையிலிருந்து நீண்ட கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஆடும் திசை பூமிச் சுழற்சியால் மெல்லத் திரும்பும். லண்டனில் அது ஒரு சுற்றுத் திரும்பி வர சுமார் 30 மணி நேரம். கள்ளக்குறிச்சியில் ஏறக்குறைய ஐந்து நாள். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் எல்லாவற்றையும் குழப்பப்போகிறது.

ஒரு காற்றுத்திரள் தெற்கிலிருந்து வடக்கே தள்ளப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தரையின் சுழற்சி அதிகம். மொத்தச் சுழற்சி மாறாமல் இருக்க வேண்டுமானால் காற்று தன் சொந்தச் சுழற்சியைக் குறைத்துக்கொண்டாக வேண்டும். அது வலப்பக்கம் வளைந்து மீண்டும் தெற்கே இறங்கும். இறங்கும்போது அளவுக்கு மீறி இறங்கி, இடப்பக்கம் வளைந்து மறுபடி ஏறும். இப்படி ஏறியும் இறங்கியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு உண்டாகும் வளைவுதான் ராஸ்பி அலை. அது நகரும் வேகத்துக்கு அவர் தந்த சூத்திரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மேற்கிலிருந்து வீசும் காற்றின் வேகத்திலிருந்து, அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் ஒரு தொகையைக் கழிக்க வேண்டும். குட்டை அலைகள் காற்றோடு கிழக்கே போய்விடும். நீளம் கூடக்கூட வேகம் குறையும். ஒரு குறிப்பிட்ட நீளத்தில் அலை நின்றே விடும். அதற்கும் மேல் நீண்டால் எதிர்த்திசையில் பின்வாங்கும். நின்றுவிட்ட அலையின் கீழ் இருக்கும் ஊருக்கு வாரக்கணக்கில் ஒரே வானிலை. ஒரே கழித்தல் கணக்கு ஐரோப்பாவின் நீண்ட வறட்சியையும் நீண்ட குளிரையும் விளக்கிவிட்டது.

இதைக் கணினியில் ஏற்றியவர் ஜூல் சார்னி. சில்லறை அதிர்வுகள் எழவே வழியில்லாத, மெதுவான அலைகளை மட்டும் அனுமதிக்கிற சமன்பாடுகளை அவர் உருவாக்கினார். கடலில் பெரிய கண்ணி வலை வீசுவது போன்ற வேலை அது. சின்ன மீன் நழுவட்டும், பெரிய மீன் மட்டும் மாட்டட்டும். 1950 மார்ச்சில் அமெரிக்காவின் அபர்டீனில் எனியாக் என்ற கணினியின் முன் சார்னியும் அவர் நண்பர்களும் 33 நாள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஜான் ஃபான் நாய்மன் திட்டத்தை நடத்தினார். கிளாரா ஃபான் நாய்மன் நிரல் எழுதுவதில் கைகொடுத்தார். ஒரு நாளைய வானிலையைக் கணிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடித்தது. ஆனாலும் பெரிய அலைகளின் போக்கு ஏறத்தாழ சரியாக வந்தது.

அவர்களின் வலைக்கண்ணி எவ்வளவு பெரியது தெரியுமா? புள்ளிக்குப் புள்ளி இடைவெளி வட துருவத்தில் 736 கிலோமீட்டர். 20 பாகை அட்சத்துக்கு இறங்கினால் சுமார் 500. பெரும்பாலும் வட அமெரிக்காவையும் அதன் சுற்றுப்புறத்தையும் மூடிய வலை அது, நம் பக்கம் விரிக்கப்படவே இல்லை. விரித்திருந்தால் அதன் ஒற்றைக் கட்டத்துக்குள் கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு அடங்கியிருக்கும். கல்வராயன் மலை அந்தக் கட்டத்தில் ஒரு தூசி.

கண்ணி பெரிது என்பதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. ராஸ்பியும் சார்னியும் எழுதிய கணிதம் பூமிச் சுழற்சி வலுவாக இருக்கும் இடத்துக்கானது. அங்கே காற்றழுத்தமும் காற்றின் வேகமும் கணவன் மனைவி போல ஒன்றைவிட்டு ஒன்று விலகாதவை. அழுத்த வரைபடத்தைப் பார்த்தால் காற்று எப்படி வீசும் என்று சொல்லிவிடலாம். நம் அட்சத்தில் அந்தப் பிணைப்பு தளர்ந்துபோகிறது. ஐரோப்பாவில் ஒரு புயற்சின்னம் கடக்கும்போது அழுத்தம் ஒரே நாளில் 20, 30 மில்லிபார் விழக்கூடும். கள்ளக்குறிச்சியில் சாதாரண மழைநாளுக்கும் வெயில்நாளுக்கும் அப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது. இங்கே அழுத்தமானி காட்டும் பெரிய அசைவு வேறு ஒன்று. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் ஏறும். விடியலுக்கு முன்பும் மாலை நான்கு மணியளவிலும் இறங்கும். சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதும் எழும் ஓதம் இது. கடலுக்கு நிலவால் ஓதம் வருவது போல. அளவு மூன்று மில்லிபார் பக்கம்தான். ஆனால் மழை கொண்டுவரும் பல அசைவுகளை அதுவே மறைத்துவிடும். மேலைநாட்டு வாத்தியார் சொல்லித்தந்த கணக்கை வைத்துக்கொண்டு இங்கே மழையைத் தேடியவர்கள் ஏன் தவித்தார்கள் என்று இப்போது புரியும்.

சமன்பாடுகளை நம் அட்சத்துக்காகத் திருத்தி எழுதியவர் ஒரு ஜப்பானிய ஆராய்ச்சியாளர். 1966இல் தாரோ மட்சுனோ ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தத் தொடருக்காக நான் படித்தவற்றில் என்னை அதிகம் ஆட்கொண்டது அதுதான். அவர் செய்த எளிமையாக்கம் துணிச்சலானது. வளிமண்டலத்தை ஆழமில்லாத ஒரு நீர்ப்படலமாக எடுத்துக்கொண்டார். பூமிச் சுழற்சியின் விளைவு பூமத்திய ரேகையில் பூஜ்யம், அதிலிருந்து விலகும் தூரத்துக்கு நேர்விகிதமாக வளரும் என்று வைத்துக்கொண்டார். மலை இல்லை, ஈரம் இல்லை, மேகமும் இல்லை. இவ்வளவுதான். அதைத் தீர்த்தபோது கிடைத்தது, குவாண்டம் இயற்பியலில் ஊசலாடும் துகளுக்கு எழுதும் அதே சமன்பாடு. துகள் ஒரு குழிக்குள் சிறைப்பட்டிருப்பது போல, இந்தக் காற்றலைகள் பூமத்திய ரேகையை ஒட்டிய ஒரு பட்டைக்குள் சிறைப்பட்டிருக்கின்றன. பட்டையின் பாதி அகலம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர். கள்ளக்குறிச்சிக்கும் பூமத்திய ரேகைக்கும் இடையே 1,300 கிலோமீட்டர். அந்தச் சிறையின் சுவரை ஒட்டித்தான் நம்முடைய ஊர் இருக்கிறது.

சிறைக்குள் இருக்கும் அலைகள் பல வகை. அவற்றில் இரண்டை அறிந்துகொண்டால் நமக்குப் போதும். கெல்வின் அலை ஏரிக் கரையை ஒட்டி ஓடும் நீரலை போன்றது. பூமத்திய ரேகையையே கரையாக வைத்துக்கொண்டு கிழக்கு நோக்கி மட்டும் ஓடும். வடக்கு தெற்காக அதில் காற்றே கிடையாது. மற்றது பூமத்திய ராஸ்பி அலை. அது மெதுவாக மேற்கே நகரும். ரேகைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரட்டைச் சுழல்களைச் சுமந்துகொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலின் தென்பகுதியில் ஒரு சுழற்சி பிறக்கும்போது, அதே தீர்க்கரேகையில் பூமத்திய ரேகைக்குத் தெற்கேயும் இன்னொன்று சுழல்வதைச் செயற்கைக்கோள் படத்தில் சில சமயம் பார்க்கலாம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இருக்கும். காகிதத்தில் மட்சுனோ கண்டது அந்த இரட்டைதான்.

ஐந்தே ஆண்டுகளில், மட்சுனோவின் பட்டியலுக்குள் அடங்காத ஒன்று வந்து நின்றது. அமெரிக்காவின் கொலராடோவில் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இருவர், பசிபிக் கடலின் நடுவில் உள்ள கான்டன் தீவில் பத்தாண்டுகளாக பலூன் விட்டு அளந்திருந்த காற்று எண்களைக் கணினியில் போட்டு அலசினார்கள். ஏறத்தாழ 40 முதல் 50 நாளுக்கு ஒருமுறை காற்றும் அழுத்தமும் ஒரு சுற்று வந்தன. கீழ்க்காற்று ஒரு திசையில் வலுக்கும்போது மேல்காற்று எதிர்த்திசையில் வலுத்தது. 1971இல் இதை எழுதினார்கள். மறு ஆண்டு வெப்பமண்டலத்தின் பிற நிலையங்களையும் சேர்த்துப் பார்த்து, இந்தியப் பெருங்கடலில் கிளம்பி கிழக்கே பசிபிக் நோக்கி நகரும் மாபெரும் மேகக்கூட்டமாக அதை வரைந்தும் காட்டினார்கள். சைக்கிள் மிதிப்பவரின் வேகம்தான் அதற்கு, மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். கெல்வின் அலையின் வேகமும் அதற்கு இல்லை, ராஸ்பி அலையின் திசையும் இல்லை. ஈரமும் மேகமும் காற்றும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு போவதால் உண்டாகும் புதிய ஒன்று அது. எல்லாரும் ஏற்கும் ஒற்றைக் கோட்பாடு அதற்கு இன்றுவரை கிடையாது. இன்று தமிழ்நாட்டில் ஐப்பசி பிறந்தால் கைப்பேசியில் வானிலை பார்க்கும் பிள்ளைகள்கூட "எம்.ஜே.ஓ. நம்ம பக்கம் வருதா?" என்று கேட்கிறார்கள். மேடன்-ஜூலியன் அலைவு என்பதன் சுருக்கம்தான் அந்த மூன்றெழுத்து.

அலைவு கிழக்கே மட்டும் போகவில்லை. டி. ஆர். சிக்காவும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுலோச்சனா காட்கிலும் 1973 முதல் 1977 வரையிலான செயற்கைக்கோள் படங்களை நாள்தோறும் அடுக்கிப் பார்த்தார்கள். கோடைப் பருவத்தில் பூமத்திய ரேகைக்கு அருகே ஒரு மேகப்பட்டை பிறக்கிறது. வடக்கே நகர்ந்து இந்தியா மேல் ஏறுகிறது. அது தேயும்போது தெற்கே அடுத்த பட்டை பிறக்கிறது. 1980இல் அவர்கள் வெளியிட்ட இந்தக் கட்டுரை, இந்தியப் பருவமழையைக் கடலில் பிறந்து நிலத்தில் ஏறும் அலைவரிசையாகப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். திருவலம் நடராஜன் கிருஷ்ணமூர்த்தி. பெயரிலேயே பாலாற்றுப் பக்கத்து ஊரைச் சுமந்தவர். 1932இல் சென்னையில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1959இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். 1976இல் எச். என். பால்மேயோடு சேர்ந்து, பருவமழைக்குள் பதினைந்து நாளை ஒட்டிய ஓர் ஊசலாட்டம் இருப்பதைக் காட்டினார். அதே 1976இல்தான் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது, மலைமக்களின் கொத்தடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனாலும் மலையின் மேல் சாமை விதைத்தவர் ஜாகீர்தாரின் பிடியிலிருந்து விடுபட்ட ஆண்டும், அந்தச் சாமைக்கு மழை வரும் தாளத்தைக் கணக்கு தொட்ட ஆண்டும் ஒன்றாக அமைந்ததை என்னால் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

1979இல் பல நாடுகள் சேர்ந்து கப்பலும் விமானமும் பலூனுமாகப் பருவமழையை அளந்தன. அந்த எண்களை வைத்து கிருஷ்ணமூர்த்தியும் சுப்ரமணியமும் 1982இல் 30 முதல் 50 நாள் அலையைக் காற்றிலேயே பிடித்துக் காட்டினார்கள். பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்து இமயமலை அடிவாரம் வரை, நாளொன்றுக்கு ஒரு பாகைக்கும் குறைவாக, அது வடக்கே ஊர்ந்தது.

இதில் கள்ளக்குறிச்சிக்கு என்ன கிடைக்கிறது? நிறைய. தென்மேற்குப் பருவத்தில் அந்த மேகப்பட்டை நடு இந்தியாவின் மேல் நிற்கும்போது வடக்கே மழை கொட்டும், நமக்குக் காய்ந்த மேற்குக் காற்று வீசும். பட்டை இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கிவிட்டால் நடு இந்தியாவில் மழை நின்றுபோகும். அந்த இடைவெளியில் தமிழ்நாட்டில் மேற்குக் காற்றின் பிடி தளர்கிறது, மாலையில் இடி இடித்து மழை இறங்குகிறது. வானிலை மையம் "வெப்பச்சலனம் காரணமாக" என்று அறிவிக்கும் மழைகள் இவை. அணைக்கரையில் பெரியவர் எனக்குக் காட்டியதும் அந்த வகை மழைதான். வடக்கே இருக்கும் உழவருக்கு வயிற்றைக் கலக்கும் அந்த இடைவெளி நாட்களில், இங்கே மலையில் கறுப்பு இறங்கும்.

எப்போது என்பதை அலை சொல்லிவிடுகிறது. எந்த ஓடையில் என்பது மலையின் கையில் இருக்கிறது. ஈரக்காற்று மலைச்சரிவில் முட்டி மேலே ஏறும் இடத்தில் மழை பெருகும், மறுபுறம் வாடும். ஆகவே கணக்கு இன்னும் சின்னக் கண்ணிக்கு இறங்கியாக வேண்டும்.

இந்தியாவில் அது 1988இல் தொடங்கியது. நடுத்தரக் கால முன்கணிப்புக்கான தேசிய மையம் டெல்லியில் அந்த ஆண்டு உருவானது. அதற்காக இந்தியா கேட்டது இன்னும் திறன் கூடிய கணினி. அமெரிக்கா தந்தது கிரே எக்ஸ்-எம்.பி.-14. 1989இல் அது ஓடத் தொடங்கியது. தொண்ணூறுகளில் அங்கே ஓடிய கணித மாதிரியின் கண்ணி சுமார் 150 கிலோமீட்டர். எனியாக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவோ நெருக்கமான வலை. கல்வராயன் அதில் மாட்டியதா என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையின் பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். ஒரு கட்டத்தின் பரப்பு 22,500. இருபதில் ஒரு பங்கு. சமவெளிக்கு மேல் மலையின் சராசரி உயரம் 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கட்டம் முழுவதும் பரப்பும்போது 25 மீட்டர்தான் தேறும். ஒரு பனைமர உயரம். பெரிய கல்வராயனும் சின்னக் கல்வராயனும், மேகம் அருவியும் பெரியார் அருவியும், கடுக்காய் பொறுக்கும் காடுகளும் வெள்ளிமலையும் சேர்ந்து கணினிக்குள் ஒரு பனைமரம். பக்கத்திலுள்ள சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை எல்லாவற்றையும் கூட்டினாலும் லேசான ஒரு மேடுதான் தெரிந்திருக்கும். பனைமர உயரத்து மேட்டில் முட்டி எந்தக் காற்று மேலே ஏறப்போகிறது?

பிறகு கண்ணி சுருங்கிக்கொண்டே வந்தது. 50, 35, 25 என்று இறங்கி, 2010களின் பிற்பகுதியில் பன்னிரண்டரை கிலோமீட்டருக்கு வந்தது. அப்போது கல்வராயனுக்கு ஏழு கட்டங்கள் கிடைத்தன. 2025 மே மாதம், புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய பாரத் முன்கணிப்பு அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. அதன் கண்ணி ஆறு கிலோமீட்டர். மலைக்கு இப்போது முப்பது கட்டங்கள். கிழக்குச் சரிவு வேறு, மேற்குச் சரிவு வேறு என்று கணினி இப்போதுதான் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

கண்ணி சுருங்கினால் மட்டும் போதுமா? 2024 நவம்பரின் கடைசி வாரம் அந்தக் கேள்வியோடு வந்தது. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையை ஒட்டி வடக்கே ஊர்ந்தது. புயலாகுமா, ஆகாதா? கணித மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, அறிவிப்பும் மாறி மாறி வந்தது. 29ஆம் தேதி அது புயலாகி ஃபெஞ்சல் என்ற பெயர் பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகர மறுத்தது. அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய மேல்காற்றில் வலு இல்லை. இரண்டு உயரழுத்தச் சுழல்களுக்கு நடுவே அகப்பட்டு, இந்தப் பக்கமும் இழுப்பில்லை, அந்தப் பக்கமும் இழுப்பில்லை என்ற நிலை. டிசம்பர் 1 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. பெய்தது. மறுநாள் காலை அளந்தபோது, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே உள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. புயல் வலுவிழந்து உள்ளே வந்ததும் அதன் ஈரம் மலைகளுக்கு இடையே இறங்கிவிட்டது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணை கரை மீறி, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குள் நுழைந்தது.

பல மாதிரிகள் பல பேச்சுப் பேசும்போது யாரை நம்புவது? திருவலம் கிருஷ்ணமூர்த்தி இதற்கு 1999இலேயே ஒரு வழி எழுதியிருந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசும் ஒவ்வொருவரின் சுபாவமும் ஊருக்குத் தெரியும். ஒருவர் எதையும் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்தே சொல்வார். கேட்பவர் அதற்கேற்பக் கழித்தும் சேர்த்தும் கேட்டுக்கொள்வார். கிருஷ்ணமூர்த்தி செய்ததும் அதுதான். பல நாட்டு மாதிரிகளின் பழைய முன்கணிப்புகளை உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனி எடை கொடுத்தார். நடப்பதற்கு நேர்மாறாகவே சொல்லும் மாதிரிக்கு எதிர்மறை எடைகூடக் கிடைக்கும். தவறும் பயன்பட்டுவிடுகிறது. அப்படிச் சேர்த்த விடை, பெரும்பாலும் அந்த மாதிரிகளில் சிறந்த ஒன்றையும்விடச் சரியாக வந்தது. இன்று புயல் பாதைகளை முன்சொல்லும்போது பல மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பது பல நாட்டு வானிலை மையங்களில் வழக்கமாகிவிட்டது. ராஸ்பியின் பெயரால் தரப்படும் பதக்கம் 1985இல் கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது நம் பத்திரிகைகளில் அவருக்கு இன்னும் பெரிய இடம் தந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

எடை கொடுக்கும் இந்த முறைக்கு ஒன்று கட்டாயம் தேவை. நேற்று உண்மையில் எவ்வளவு பெய்தது என்ற எண். அது இல்லாவிட்டால் எந்த மாதிரி எவ்வளவு தவறியது என்று யாருக்கும் தெரியாது. மலை முப்பது கட்டங்களாகப் பிரிந்துவிட்டது, சரி. அந்த முப்பதுக்கும் உண்மை மழையைச் சொல்லப்போவது யார்? தாலுகா கச்சேரியின் முற்றத்தில் காலை 8.30 மணிக்குக் குனிந்து மழைமானியின் நீரை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்க்கும் ஓர் ஊழியரின் கையிலிருந்து அந்த எண் கிளம்புகிறது. கள்ளக்குறிச்சி தென்னார்க்காட்டின் ஒரு தாலுகாவாக இருந்த நாளிலிருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாக ஆனது வரை, அந்தக் குழாயும் பதிவேடும் போய் வந்த வழியை அடுத்த அத்தியாயத்தில் பின்தொடர்வோம்.

(தொடரும்)